முதலில் அந்த நான்கு ரூம்

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கம் வீட்டோடு சேர்த்துச் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பின்புறம் நான்கு லைன் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். நான்கிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள். சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த பையனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நான்கைந்து பேர் அடித்துவிட்டார்கள். குழந்தையின் அம்மா ஓடிவந்து, "தினமும் பார்க்கிற பையன், விடுங்க" என்று கத்திய பிறகுதான் விட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கள் மகளிர் குழுவும் நூலக வாசகர் வட்டமும் சேர்ந்து 'இனவெறி எதிர்ப்பு விழா' ஒன்று நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். பெரிய ஆள் யாரையாவது தலைமைக்குக் கூப்பிடலாம், பையன்களை ஆடவிடலாம், அவர்கள் ஊர்ச் சாப்பாட்டு ஸ்டால் போடலாம் என்கிறார்கள். எனக்கோ அவர்கள் வாயைத் திறந்து பேச வேண்டும் என்று ஆசை. கேட்டால் "சப் டீக் ஹை, தீதி" (எல்லாம் நன்றாக இருக்கிறது அக்கா) என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரர் வம்பு வேண்டாம் என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்)

பதில் எழுதுபவர், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெளிமாநிலத் தொழிலாளர்களிடையே 22 ஆண்டுகளாக வேலை செய்யும் சமூகப் பணியாளர்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் குழந்தையின் அம்மா ஓடிவந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அவர் குளித்துக்கொண்டிருந்திருந்தால்? தண்ணீர் பிடிக்கப் போயிருந்தால்? 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த சமயம். கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். அவர் சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பெண். வடக்கத்தியான் பெயரைச் சொல்லிக் கிளம்பிய வதந்தி நம் வீட்டுப் பாட்டி ஒருவரைக் கொன்றது. உங்கள் தெருவிலும் அதே சாக்லேட்தான்.

அதனால் விழாப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அடிபட்ட பையனைப் போய்ப் பாருங்கள். உள்காயம் இருக்கிறதா, அரசு மருத்துவமனைக்குப் போனானா, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலி பிடித்தார்களா என்று கேளுங்கள். புகார் கொடுக்க விரும்பினால் கூடப் போங்கள். அந்தக் குழந்தையின் அம்மாவையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பார்த்த சாட்சி அவர்தான். அவனுக்கு விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவனாகக் கேட்டாலொழிய அவனை மேடையேற்றாதீர்கள். அடி வாங்கியவன் ஊர் முன்னால் நின்று அதைத் திரும்பச் சொல்வது இரண்டாவது அடி. இதைச் சில இடங்களில் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அடுத்தது பெயர். 'இனவெறி எதிர்ப்பு' என்று நோட்டீஸ் அடித்தால் என்ன ஆகும்? அன்று அடித்தவர்கள் வரமாட்டார்கள். "நாங்க என்ன வெறி புடிச்சவங்களா?" என்பார்கள். ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ள நாற்பது பேர் வந்து, ஒருவரையொருவர் பாராட்டிவிட்டுப் போவோம். நடந்தது இனவெறிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முகத்தையும் மொழியையும் பார்த்து ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு வேறு பெயர் கிடையாது. அந்தச் சொல்லை விழாவுக்குள் யாராவது சொல்லட்டும், அழுத்தியே சொல்லட்டும். அழைப்பில் மட்டும் 'நம் தெருவில் குடியிருக்கிறவர்கள் பேசுகிறார்கள், கேட்க வாருங்கள்' என்று இருந்தால் போதும். வாருங்கள் என்று கூப்பிடுகிற காகிதத்தில் குற்றச்சாட்டை அச்சடிக்க வேண்டாம்.

அப்புறம், இவர்கள் எல்லோரையும் சேர்த்து நம் ஊரில் சொல்கிற 'ஹிந்திக்காரங்க' என்ற சொல். உங்கள் நான்கு ரூமில் எத்தனை மொழி இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? ஒடிசா பையன் வீட்டில் பேசுவது ஒடியா. பீகார் பையன் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசுவான். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் சந்தாலி, முண்டாரி, ஹோ, குடுக் என்று ஏதாவது ஒன்று பேசலாம். இதில் குடுக் நம் திராவிடக் குடும்பத்து மொழி. அதில் 'ஏன்' என்றால் நான், 'நீன்' என்றால் நீ. தளி, கெலமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற கன்னடக்காரப் பாட்டியிடம் இந்த இரண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நம் ஊரே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கிற ஊர். இன்னொரு மொழிக்காரர் வந்ததும் அந்நியமாகத் தெரிய நமக்கு நியாயமில்லை. ஜார்க்கண்டுக்காரரைப் பார்த்தால் 'ஜோஹார்' சொல்லுங்கள். அவர்கள் வணக்கம் அது. அந்த ஒரு சொல்லில் அவர்கள் உங்களை நிமிர்ந்து பார்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள்?

வருத்தப்படாமல் கேளுங்கள் சகோதரி. அவர்களுக்கு நீங்கள் வீட்டு ஓனர். மளிகைக் கணக்கு எழுதுகிறவரும் நீங்களே. "இங்கே உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்டால் "சப் டீக் ஹை" என்பதைத் தவிர அவன் என்ன சொல்வான்? நம் பிள்ளைகள் பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும்போது ஓனரம்மா கேட்டாலும் "ஏனூ இல்லா ஆண்ட்டி" என்றுதானே சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஒரு பாதுகாப்பு. அதைத் தாண்டிப் பேச்சு வர வேண்டுமென்றால் முதலில் உங்கள் கையில் இருக்கிற விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும்.

அந்த நான்கு ரூமுக்கும் வாடகை ரூமுக்கா, தலைக்கா? சிப்காட் பக்கம் பல இடங்களில் உள்ளூர்க் குடும்பம் என்றால் வீட்டுக்கு ஒரு வாடகை, வடக்கத்திப் பையன்கள் என்றால் தலைக்கு இவ்வளவு. ஆறு பேர் இருந்தால் அதே பத்துக்குப் பத்து அறைக்கு மூன்று மடங்கு. கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாமே ஒரு விலை வைக்கிறோம், மின்வாரிய ரசீதை யாரும் காட்டுவதில்லை. தண்ணீர் மோட்டார் காலையில் அரை மணி நேரம். இதெல்லாம் உங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், விழாவுக்கு முன்பே மாற்றுங்கள். மாற்றியதை ஊருக்குச் சொல்ல வேண்டாம், அந்தப் பையன்களுக்குத் தெரிந்தால் போதும். உங்கள் வீட்டுக்காரர் 'வம்பு' என்று பயப்படுவதிலும் கொஞ்சம் இதுவே இருக்கும் என்று நினைக்கிறேன். மேடையில் ஒருவன் தலைக்கு வாடகை என்று ஆரம்பித்தால் தெருவிலுள்ள அத்தனை ஓனர்களும் உங்கள் வீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கேட்கிற வேலையை வேறு ஆளிடம் விடுங்கள். வாசகர் வட்டத்தில் அவர்களிடம் வாடகையோ பாக்கியோ வாங்காத இரண்டு பேர் போதும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணி துவைத்து, சமைத்து முடித்த பிறகு, அவர்கள் அழைத்தால் அறைக்குள் போய் உட்காரட்டும். நோட்டும் போனும் வெளியே எடுக்க வேண்டாம். முதல் ஞாயிறு எதுவும் வராது. இரண்டாவது ஞாயிறு ஊரைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் விஷயம் வரும். அதனாலேயே ஆறு வாரம் இல்லாமல் இந்த மாதிரி நிகழ்ச்சியை நான் ஒத்துக்கொள்வதில்லை.

அப்படி உட்கார்ந்த ஒரு ஞாயிறைச் சொல்கிறேன். ஓசூரில் ஒரு லைன் வீடு. எட்டுப் பேர் தங்குகிற அறை, நான்கு பாய். ஷிப்ட் மாறி மாறித் தூங்குவதால் எட்டுப் பாய் தேவையில்லை. ஒடிசாக்காரர் ஒருவர், முப்பது வயது இருக்கும், ஆணியில் மாட்டியிருந்த ஜவுளிக்கடைக் கவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே முழுக்க பில்கள். பத்து ரூபாய் சோப்புக்குப் பில், ரீசார்ஜுக்குப் பில், பனியனுக்குப் பில். எதற்கு என்று கேட்டேன். எப்போதோ ஒரு கடையில், அவர் காலில் போட்டிருந்த செருப்பையே திருடியது என்று சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அன்று அவரிடம் பில் இல்லை. அதற்கப்புறம் எதை வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். அந்த மெஷின் காகிதத்தில் மை நாளாக ஆக வெளுத்துப் போகுமல்லவா? வெளுத்த ஒவ்வொரு பில்லின் மேலும் பால்பாயின்ட் பேனாவால் தேதியையும் விலையையும் திரும்ப எழுதியிருந்தார். ஒடியா எண்களில் இல்லை. கடைக்காரருக்குப் புரிய வேண்டுமே என்று நாம் எழுதுகிற எண்களில்.

பின்னால் நடந்த கூட்டத்தில் அவர் பேசியது மூன்றே நிமிடம். கவரைத் தூக்கிக் காட்டி அந்தக் கதையைச் சொன்னார். "எங்களை நேசியுங்கள்" என்றெல்லாம் கேட்கவில்லை. "கடைக்கு வந்தால் வரிசைப்படி கொடுங்கள், எனக்குப் பிறகு வந்தவருக்கு முதலில் கொடுக்காதீர்கள்" என்றார். அவ்வளவே. கூட்டத்திலிருந்த ஒரு கடைக்காரர் எழுந்து வந்து அந்தக் கவரை வாங்கி, உட்கார்ந்து, ஒவ்வொரு பில்லாகப் பார்த்தார். அந்த அமைதியை எந்தத் தலைமையுரையும் கொண்டுவந்திருக்காது.

குரல் கொடுப்பது என்று நாம் சொல்கிறோம். அவர்களிடம் குரல் இருக்கிறது சகோதரி, இரவு பத்து மணிக்கு வீடியோ காலில் பெண்டாட்டியோடும் பிள்ளைகளோடும் எவ்வளவு பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கம்தான் கேட்கிற காது இல்லை. ஆகவே என்ன பேசுவது, யார் பேசுவது, யார் கேட்க வேண்டும், எதைப் பேசக்கூடாது என்ற நான்கையும் அவர்களே முடிவு செய்யட்டும். நிகழ்ச்சிக் குழுவில் பத்துப் பேர் என்றால் ஐந்து பேராவது அவர்கள் இருக்க வேண்டும், அதில் இரண்டு பேர் பெண்கள். செல்போன் பாகம் செய்கிற தொழிற்சாலைகளில் ஜார்க்கண்ட் பெண்கள் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்பதை அந்த ரோட்டில் ஷிப்ட் பஸ் போகும்போதே பார்க்கலாம். அவர்கள் கவலை வேறு. ஹாஸ்டல் கேட், இரவில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடப்பது, கடைத்தெருவில் கேட்கிற பேச்சு. ஆண்களிடம் மட்டும் கேட்டால் இதில் பாதி வராது.

மொழிபெயர்க்க மேஸ்திரியையோ லேபர் கான்ட்ராக்டரையோ கூப்பிடாதீர்கள். அவருக்குத் தமிழ் நன்றாக வரும், ஆர்வமாகவும் வருவார். ஆனால் அவர் நிற்கும் இடத்தில் உண்மை வராது. பத்துப் பதினைந்து வருடமாக இங்கேயே இருக்கிற பானிபூரிக்காரர், சலூன்காரர், டைல்ஸ் வேலைக்காரர் யாராவது இருப்பார்கள், அவர்கள் நல்ல தேர்வு. நம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படிக்கிற அவர்கள் பிள்ளைகள் அருமையாக மொழிபெயர்ப்பார்கள், ஆனால் அப்பா அடி வாங்கிய கதையைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்க வேண்டாம். பிள்ளைகள் வரவேற்புரை சொல்லட்டும். மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் பத்து நிமிடம். ஆறு பேருக்கு மேல் போட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

இப்போது ஒரு எச்சரிக்கை, என் தவறிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன்னால் நாங்கள் ஒரு பெரிய விழா நடத்தினோம். சாமியானா, ஃப்ளெக்ஸ், பொன்னாடை எல்லாம் உண்டு. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் பீகார்ப் பையன் ஒருவனுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. அவன் தான் வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொல்லி, இரண்டு மாத ஓவர்டைம் காசு வரவில்லை என்றான். கை தட்டினோம். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். மறுநாள் காலை அவனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த ஓவர்டைம் காசும் வரவில்லை, இருந்த வேலையும் போனது. அந்த வாரக் கடைசியில் ரயில் ஏறிவிட்டான். நாங்கள் அவனுக்கு மைக் கொடுத்தோம், மைக்கை வைத்த பிறகு அவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அது இன்றும் என்னை அறுக்கிறது.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கிற கட்டுப்பாடுகள் கறாரானவை. முதலாளி பெயர், கம்பெனி பெயர், கான்ட்ராக்டர் பெயர் மேடையில் வராது. பேசுகிறவர் சம்மதித்தாலொழிய போட்டோ, வீடியோ கிடையாது. வாசலிலேயே இதைச் சொல்லி, மைக்கிலும் சொல்ல வேண்டும். முகம் காட்ட விரும்பாதவர் எழுதிக் கொடுக்கலாம், அல்லது குரலைப் பதிவு செய்து கொடுக்கலாம். வேறொருவர் வாசிப்பார். கூலிப் பாக்கி, விபத்து நஷ்டஈடு போன்ற விஷயங்களுக்கு ஓரமாக ஒரு மேஜை போட்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை உட்கார வையுங்கள். கடிதம் கொடுத்தால் அனுப்புவார்கள். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதே மேஜையில் ரேஷன் விஷயத்தையும் சொல்லலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. சொந்த மாநிலத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கார்டு இருந்தால் இங்கே நம் ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசியோ கோதுமையோ வாங்கலாம். குடும்பத்தோடு வந்திருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது.

விருந்தினர் விஷயத்தில் என் கருத்து நேரடியானது. பெரிய ஆளைத் தலைமைக்குக் கூப்பிடாதீர்கள். வர விரும்புகிற எவரும் வரட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும், கடைசியில் "இதில் என்னால் முடிந்தது இது" என்று ஒரு நிமிடம் சொல்லட்டும். உங்கள் பகுதி இன்ஸ்பெக்டரும் வார்டு கவுன்சிலரும் தொழிலாளர் துறை அலுவலர் ஒருவரும் அப்படிக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. மேடை வேண்டவே வேண்டாம். நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். இடம் எல்லோரும் கூச்சமில்லாமல் நுழைகிற இடமாக இருக்க வேண்டும். பள்ளி மைதானம், நூலக வளாகம் நல்லது. ஒரு சாதியாரின் மண்டபமோ ஒரு கோயில் மண்டபமோ வாடகை இல்லாமல் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். உள்ளூரிலேயே அங்கே கால் வைக்கத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். வெளியூர்க்காரருக்குச் சமமான இடம் கேட்கிற கூட்டத்தை அங்கே வைப்பது பொருந்தாது. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒலிபெருக்கி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டமும் சாப்பாடும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது கடைசியில் வரட்டும். முதலிலேயே ஆடவிட்டால் நாம் பார்வையாளர், அவர்கள் காட்சி. அந்த உறவு அன்று முழுக்க மாறாது. சாப்பாட்டிலும் அவர்கள் சமைத்து நாம் ருசிப்பது என்றில்லாமல் இரு பக்கமும் சேர்ந்து சமையுங்கள். கேழ்வரகை எடுத்துக்கொள்ளலாம். நம் இரண்டு மாவட்டத்துக்கும் உயிர் அதுதான். ஜார்க்கண்டிலும் பீகாரிலும் அதற்கு மடுவா என்று பெயர், ரொட்டி தட்டுவார்கள். ஒடிசாவில் மண்டியா. நம் களியும் கீரைக் குழம்பும் ஒரு அடுப்பில், அவர்கள் ரொட்டி பக்கத்து அடுப்பில். ஒடிசாக்காரர்களின் பகாலா நம் பழைய சோறுதான், தயிரும் வெங்காயமும் உட்பட. அதைப் பார்த்து உங்கள் தெருப் பாட்டிகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

இனி கடினமான பகுதி. உள்ளூர்க்காரர்களுக்கும் குறை உண்டு. "எங்க பசங்களுக்கு வேலை இல்லை, அவங்க கம்மிக் கூலிக்கு வந்துடுறாங்க" என்று ஒருவர் நிச்சயம் எழுந்து சொல்வார். அவரை அடக்கக் கூடாது. அவர் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய முகவரியை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் தயாராக இருக்க வேண்டும். ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுப்பதைவிட வெளிமாநிலத் தொழிலாளிக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று 1979-இலேயே சட்டம் போட்டார்கள். அதை மதித்திருந்தால் கம்மிக் கூலி என்ற பேச்சே எழாது. கூலியைக் குறைப்பது பாயில் படுத்திருக்கிற பையன் இல்லை. திருட்டு, சண்டை என்று ஒருவர் பேசினால், செய்தவன் பெயரோடு போலீசில் சொல்லச் சொல்லுங்கள். ஊர் பெயரோடு, மாநிலத்தின் பெயரோடு சொல்ல விடாதீர்கள். அன்று கூட்டம் நடத்துகிறவர் இந்த ஒரு கோட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நம் ஆட்களிலும் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். பெங்களூரில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஏது? 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி அங்கே கலவரம் வெடித்தபோது என் சித்தி கட்டட வேலையில் சித்தாளாக இருந்தார். பென்னாகரத்திலிருந்து போன குடும்பம். குடிசைகள் எரிகிற புகை தெரிந்ததும், பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா சித்தியையும் மூன்று பிள்ளைகளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ராகி புடைக்கிற மாதிரி. கூட்டம் வந்து "தமிழர் இருக்காங்களா" என்று கேட்டபோது முறத்தை நிறுத்தாமலே "இல்லா" என்றாராம். உள்ளே இருட்டில், சத்தம் வந்துவிடக்கூடாது என்று சித்தி சின்னவன் வாயைத் தன் முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். அந்த முறச் சத்தத்தை அவர் இன்றும் கையால் தொடையில் தட்டிக் காட்டுவார். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகளை எரித்தபோது அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு நடந்தே எல்லை தாண்டியவர்களை உங்கள் ஊர்க்காரர்களே தண்ணீர் கொடுத்து வரவேற்றிருப்பார்கள். அப்படி நடந்து வந்தவர் ஒருவர், பிள்ளைகளிடம் "பஸ்ஸில் தமிழ் பேசாதே" என்று சொல்லியிருக்கிற அம்மா ஒருவர், உங்கள் தெருவிலேயே இருப்பார். பீகார்ப் பையன் பேசி முடித்ததும் அவர் எழுந்து தன் கதையைச் சொன்னால் நீங்கள் வேறு விளக்கம் கொடுக்க வேண்டியிருக்காது.

நம் பக்கத்து அணைக்கட்டு முகாம்களில் இருக்கிற ஈழத் தமிழர்களையும் அழையுங்கள். 2021-இல் அந்த இடங்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. தமிழே பேசினாலும் வெளியாளாகப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கூட்டம் முடிகிற இடத்தில் ஒரே ஒரு ஏற்பாடு கைக்கு வர வேண்டும். நான் பரிந்துரைப்பது வதந்திக்கு எதிரான ஒரு சின்ன வளையம். உள்ளூரில் ஐந்து பேர், வெளிமாநிலத்தவரில் ஐந்து பேர், காவல் நிலையத்தில் ஒருவர், இவர்களின் எண்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் என்று செய்தி வந்தால் ஃபார்வர்டு செய்யுமுன் இந்தப் பதினொரு பேரில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். பயம் இரண்டு பக்கமும் ஓடும் என்பதை மறக்காதீர்கள். 2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை பொய் என்று சொன்னது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அந்த வாரம் ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்களின் ரயில் கூட்டத்தைக்கூடப் பயந்து ஓடுகிறவர்கள் என்று காட்டினார்கள். அன்று ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஐந்து எண்கள் இருந்திருந்தால், ஊரில் அழுதுகொண்டிருந்த அம்மாக்களுக்கு ஒரு போனில் பதில் கிடைத்திருக்கும்.

நாள் குறிக்கும்போதும் அவர்களைக் கேளுங்கள். தீபாவளியிலிருந்து ஆறாம் நாள் சட் பூஜை, அப்போது பீகார்க்காரர்கள் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். ஹோலிக்கும் அப்படியே. ஞாயிறு மாலை என்றாலும் சி ஷிப்ட் போகிறவர்கள் தூங்கி எழுந்து வருகிற நேரம் பார்த்து நான்கு மணிக்கு வைத்தால் நல்லது. டிசம்பர் 18 சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினம், அதை ஒட்டிய ஞாயிறு ஒத்துவரலாம். தேதிக்காக அவசரப்படாதீர்கள். அந்த அறைகளில் நான்கு ஞாயிறு உட்கார்ந்த பிறகு வருகிற தேதி எதுவானாலும் சரி.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். வாடகைப் பகுதியில் அவருக்குக் கோபம் வந்தால் என் மீது வரட்டும். அந்த நான்கு ரூம் மின் கணக்கை அவரே அந்தப் பையன்களோடு உட்கார்ந்து, மின்வாரிய ரசீதை வைத்துக் கூட்டிப் பார்க்கட்டும். அது முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். முதல் ஞாயிறு யார் போவது என்று அப்போது பேசலாம்.